ஐந்து நிமிடமும் ஐம்பது வருடமும்

2025 மார்ச் 15 காலை எட்டு மணிக்கு இலங்கை முழுக்கக் குரங்கு எண்ணினார்கள். எட்டு ஐந்துக்கு முடித்தும்விட்டார்கள். அந்த ஐந்து நிமிடத்துக்குள் உங்கள் வயலில், வீட்டு வளவில் கண்ணில் படுகிற குரங்கு, மயில் எல்லாவற்றையும் எண்ணிப் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். நேரத்தை நீட்டினால் ஒரே குரங்கை இரண்டு வீட்டுக்காரரும் எண்ணிவிடுவார்கள் என்பதால்தான் ஐந்து நிமிடமாம். கேட்கிறபோது நியாயம் போலத்தான் இருக்கிறது. அதற்கு ஒரு மாதம் முன்னால், பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டிக்கொண்டதால்தான் நாடு முழுக்கக் கரண்ட் போனது என்று மின்சக்தி அமைச்சர் சொல்லியிருந்தார். ஆக அந்த வருடம் குரங்கு பெரிய ஆள். பேஸ்புக்கில் மீம்ஸ் போட்டே நாலு வாரம் ஓடியது. நாங்களும் போட்டோம்.

சிரிப்பெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு கேள்வி மிச்சமாக நிற்கிறது. எண்ணிக்கை தெரிந்துவிட்டால் என்ன செய்யப் போகிறார்கள்? இத்தனை இலட்சம் என்று ஒரு தொகை வந்தால், அதில் இத்தனையைப் பிடி, ஏற்று, எங்காவது கொண்டுபோய் விடு என்பதுதான் அடுத்த பேச்சாக இருக்கும். ஏற்கனவே அந்தப் பேச்சு வந்து போயிருக்கிறது. ஆனால் இதே நாட்டில் குரங்கை ஒவ்வொன்றாக, முகம் பார்த்து, தாய் யார் பிள்ளை யார் என்று குறித்து, அரை நூற்றாண்டுக்கு மேலாக எழுதி வைத்த ஆராய்ச்சி இருக்கிறது. அதைத் திறந்து பார்த்திருந்தால் கேள்வியே வேறு மாதிரி வந்திருக்கும் என்பது எங்கள் கருத்து. கொத்மலைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு அந்த வேறு கேள்விதான் தேவை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். குரங்குத் தொல்லை பொய் இல்லை. கொத்மலை, பூண்டுலோயா, றம்பொடைப் பக்கம் எந்த லயத்தில் போய்க் கேட்டாலும் சொல்வார்கள். லயத்துக்குப் பின்னால் இருக்கிற துண்டு நிலத்தில் போஞ்சி, தக்காளி, கோவா, கிழங்கு என்று எதையாவது போட்டிருப்பார்கள். ஓரத்தில் ஒரு வாழை, ஒரு கொய்யா. எங்களில் ஒருவரின் அம்மாயி சொல்வது இப்படி: "தின்னுட்டுப் போனாக்கூட பரவாயில்லடா. பாதியக் கடிச்சிட்டுப் பாதிய எறிஞ்சிட்டுல்ல போகுது. நம்மளப் பாத்துக்கிட்டே எறியுது." இந்த 'பாத்துக்கிட்டே' என்ற வார்த்தையில் இருக்கிற எரிச்சலைக் கொழும்பில் இருந்து விலங்கு நேயம் எழுதுகிறவர்களுக்கு விளங்கவைப்பது கஷ்டம். 2021இல் ஆயிரம் ரூபாய், 2024இல் 1,350 ரூபாய் என்று நாட்சம்பளம் ஏறிய கதை எல்லோருக்கும் தெரியும். அந்தச் சம்பளமும் முழுதாக வந்தால்தான். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு 'ஒரு பேர்' என்று கணக்கு. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். அரைப்பேர் விழுந்த நாளில் பின்வளவில் நிற்கிற போஞ்சிதான் கறி. அதைக் குரங்கு கொண்டுபோனால் அன்றைக்குக் கறி இல்லை.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு பதில் வரும். "குரங்கின் இடத்தைப் பிடித்தது நீங்கள்தானே?" வளாகத்தில் ஒரு விவாதத்தில் எங்களிடமே கேட்டார்கள். சரி, பேசுவோம். இந்த மலைகளில் காட்டை அழித்தது 1830களுக்குப் பிறகு வந்த கோப்பி. கோப்பி நோயில் விழுந்த பிறகு அதே நிலத்தில் தேயிலை வந்தது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்டது 1867இல். மரத்தை வெட்டிய கத்தி எங்கள் பாட்டன்மார் கையில் இருந்தது உண்மை. நிலத்தின் உறுதி யார் கையில் இருந்தது? இன்றைக்கு வரைக்கும் லயத்துக் காம்பராவுக்கு உறுதி இல்லாதவர்கள் எத்தனை பேர்! காட்டைப் பிடித்தவர்கள் என்ற பட்டத்தை மட்டும் எங்களுக்குக் கொடுத்துவிட்டு நிலத்தைக் கொடுக்காமல் இருப்பது நல்ல பகிடி. பிறகு மகாவலித் திட்டம் வந்தது. 1985இல் கொத்மலை அணை திறந்தபோது பள்ளத்தாக்கின் அடிப்பகுதியே தண்ணீருக்குள் போனது. ஊர்கள் போயின, வயல்கள் போயின, விகாரைகள் போயின. நீர் இறங்குகிற காலத்தில் கடதொர விகாரையின் மிச்சம் தலை காட்டுவதைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். ஓடைக்கரை மரங்களும் அதோடுதான் போயின. அந்த மரங்களை யாரும் பார்க்க வருவதில்லை.

வொல்ஃப்காங் டிட்டஸ் பொலன்னறுவைக்கு வந்தது 1968இல். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆய்வுத் திட்டம் ஒன்றுக்காக. பழைய இராசதானியின் இடிபாடுகளுக்கு நடுவே இருக்கிற உலர்காட்டில் ரிலவா என்று சிங்களத்தில் சொல்லுகிற செங்குரங்கைப் பார்க்கத் தொடங்கினார். இலங்கையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத இனம் அது. ஒரு ஆய்வுப் பட்டத்துக்காக ஒன்றிரண்டு வருடம் பார்த்துவிட்டு ஊருக்குப் போகிறதுதான் இந்தத் துறையில் வழக்கம். இவர் போகவில்லை. கண்டியில் ஹந்தானையில் இருக்கிற அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தோடு சேர்ந்து வேலையைத் தொடர்ந்தார். எங்கள் வளாகத்துக்கு மேலே நிற்கிற அதே ஹந்தானை. விடுதி ஜன்னலில் காயப்போட்ட சேர்ட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற குரங்கைத் திட்டுகிற எங்களில் ஒருவருக்கும் இவரைத் தெரியாது. பல பேர் பார்த்த டிஸ்னியின் 'மங்கி கிங்டம்' படம் 2015இல் வந்தது. அதில் வருகிற மாயா என்ற தாய்க்குரங்கின் கூட்டம் இவர் ஆராய்ந்த பொலன்னறுவைக் கூட்டங்களில் ஒன்று. படத்துக்கு விஞ்ஞான ஆலோசகரும் இவர்தான். படம் பரவாயில்லை, இசை கொஞ்சம் ஓவர். ஆனால் ஆய்வுக் கட்டுரைகள் படத்தைவிட விறுவிறுப்பானவை என்று நாங்கள் சொன்னால் நம்புவீர்களா?

அவருடைய முறை எளிமையானது, பொறுமை மட்டும்தான் மூலதனம். ஒவ்வொரு குரங்கையும் தனித்தனியாக அடையாளம் கண்டுகொள்வது. முகத்துப் புள்ளி, காதுக் கிழிசல், வால் நீளம், தலையில் தொப்பி மாதிரிச் சுழன்று நிற்கிற மயிர். பிறந்தது எப்போது, தாய் எது, எந்த வருடம் கூட்டத்தை விட்டுப் போனது, எப்படிச் செத்தது. இப்படித் தலைமுறை தலைமுறையாக எழுதினால் ஒரு ஊரின் குடும்ப மரமே கையில் வந்துவிடும். ஐந்து நிமிடத்தில் கிடைப்பது தலைக்கணக்கு. அதில் தாயும் தெரியாது, வயதும் தெரியாது, அடுத்த வருடம் உயிரோடு இருக்குமா என்பதும் தெரியாது.

அந்தக் குடும்ப மரத்தில் தெரிந்தது என்ன? பெண் குரங்கு பிறந்த கூட்டத்திலேயே சாகும் வரைக்கும் இருக்கும். ஆண், வயதுக்கு வந்ததும் கூட்டத்தை விட்டுக் கிளம்பி வேறு கூட்டம் தேடும். பெண்களுக்குள்ளே மேல் கீழ் உண்டு. மகள் தாயின் இடத்துக்குக் கிட்டவே நிற்பாள். மேலே இருப்பவை நல்ல கிளையில் இருந்து தின்னும், கீழே இருப்பவை நிலத்தில் விழுந்ததைப் பொறுக்கும். செங்குரங்குக்குக் கன்னத்துக்குள்ளே ஒரு பை இருக்கிறது. அவசரமாகக் கிடைத்ததை அதில் அடைத்துக்கொண்டு பிறகு ஆறுதலாக மெல்லும். டிட்டஸ் பார்த்த ஒன்று எங்களை உலுக்கிவிட்டது. பலம் கூடிய குரங்கு, பலம் குறைந்த குட்டியின் வாயைத் திறந்து, அந்தக் கன்னப் பைக்குள் விரலை விட்டுச் சாப்பாட்டைத் தோண்டி எடுத்துத் தின்னும். குட்டி அசையாமல் இருக்கும். இதை வாசித்ததும் எங்களில் ஒருத்தி சொன்னாள்: "இது நம்ம செக்ரோல்தானே. கைக்கு வர முன்னமே கழிச்சிட்டுத் தருவாங்க."

சிரித்தோம். ஆனால் இந்த ஒப்பீட்டை அதிக தூரம் இழுக்க வேண்டாம் என்றுதான் பிறகு பேசிக்கொண்டோம். தாய் வழியாக அந்தஸ்து வருகிறது என்று ஒரு விஞ்ஞானி எழுதினால், "பார்த்தீர்களா, பிறப்பிலேயே மேல் கீழ் இயற்கையில் இருக்கிறது" என்று சாதிக்கு வக்காலத்து வாங்க ஒரு கூட்டம் தயாராக நிற்கும். எங்கள் லயங்களிலேயே நிற்கும். குரங்கு எழுதிய சட்டம் எதுவும் இல்லை, அது மாற்றுவதற்கும் ஒன்றுமில்லை. நாங்கள் எழுதினோம், ஆகவே எங்களால் அழிக்கவும் முடியும். சமூகவியல் படிக்கிறவர்கள் டிட்டஸை வாசிக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வது வேறு காரணத்துக்காக. பசி ஒரு கூட்டத்துக்குள்ளே எப்படிப் பங்கு போடப்படுகிறது என்பதை இவ்வளவு துல்லியமாக யாரும் காட்டியதில்லை.

1977இல் வந்த அவருடைய கட்டுரையின் மையம் அதுதான். காட்டில் பிறக்கிற குரங்கில் ஆண் என்றால் ஏறத்தாழ 90 சதவீதம், பெண் என்றால் ஏறத்தாழ 85 சதவீதம் வளர்ந்து ஆளாகும் முன்பே செத்துப்போகின்றன. திரும்ப ஒருமுறை வாசியுங்கள். பத்தில் ஒன்றோ ஒன்றரையோதான் மிஞ்சுகிறது. சாப்பாடு குறைகிறபோது எல்லோருக்கும் சமமாகக் குறைவதில்லை. முதலில் சாவது குட்டிப் பெண்கள், ஏனென்றால் வரிசையில் கடைசியில் நிற்பவை அவை. இளம் ஆண்கள் கூட்டம் மாறுகிற காலத்தில் சாகின்றன. இப்படித்தான் பிறப்பும் இறப்பும் சரிக்குச் சரியாகி, காட்டில் குரங்குத் தொகை பெரிதாக ஏறாமல் இருக்கிறது. குரங்கு கண்டபடி குட்டி போட்டுப் பெருகுகிறது என்று ரேடியோவில் பேசுகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும். எவ்வளவு பிறக்கிறது என்பதைவிட எவ்வளவு சாகாமல் மிஞ்சுகிறது என்பதுதான் கணக்கு.

எதனால் மிஞ்சுகிறது? சாப்பாட்டினால். காட்டில் இவற்றுக்குப் பெரிய ஆதாரம் அத்தி, ஆல் வகை மரங்கள். எல்லா மரமும் ஒரே காலத்தில் பழுக்காது என்பதால் வருடம் முழுக்க எங்காவது ஒன்று கிடைக்கும். நிறையப் பழம் நிற்கிற மரத்தைக் கண்ட குரங்கு ஒரு தனியான சத்தம் எழுப்பி மற்றவற்றைக் கூப்பிடும் என்று டிட்டஸ் 1984இல் எழுதினார். விலங்கின் சத்தத்துக்குப் பொருள் உண்டா என்ற பெரிய விவாதத்தில் உலகம் முழுக்க எடுத்துக்காட்டப்படுகிற கட்டுரை அது. 1978 நவம்பரில் வந்த சூறாவளி பொலன்னறுவைக் காட்டில் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. பிறகு சாப்பாட்டுக்கான போட்டியில் பெண்கள் பிரிந்து கூட்டங்கள் உடைந்ததையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கிறது. காட்டுப் பழத்தோடு மனிதர் போடுகிற சாப்பாடும் குப்பையும் கிடைத்த கூட்டங்கள் பெருத்தன. சாக வேண்டிய குட்டி சாகவில்லை, அவ்வளவுதான்.

இதைக் கொத்மலைக்குக் கொண்டுவந்து பாருங்கள். கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்குப் போகிற ரோட்டில், தவலந்தென்னை தாண்டி றம்பொடை ஏறும்போது வளைவுக்கு வளைவு குரங்கு உட்கார்ந்திருக்கும். வான் நிற்கும், கண்ணாடி இறங்கும், வாழைப்பழமோ பிஸ்கட்டோ வெளியில் வரும், போட்டோ எடுக்கப்படும், வான் போய்விடும். வான்காரர் போய்விடுவார், குரங்கு எங்கே போகும்? கீழே இறங்கி லயத்துக்குத்தான். மேலே அணைக்கட்டு நீரைப் பார்த்தபடி சின்மயா மிஷன் கட்டிய ஆஞ்சநேயர் கோயில் இருக்கிறது. எங்கள் ஊர் ஆட்கள் அங்கே போய்க் கும்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து கவணில் கல்லை வைத்துக் குரங்கை விரட்டுவார்கள். இதில் முரண்பாடு எதுவும் அவர்களுக்குத் தெரிவதில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. சாமி வேறு, தோட்டத்தில் நிற்கிற குரங்கு வேறு. ஆனால் கொல்லச் சொன்னால் மட்டும் கை வராது. டிட்டஸும் கூட இருந்தவர்களும் 2019இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இலங்கை மக்களிடம் கேட்டதை எழுதியிருக்கிறார்கள். ஏறத்தாழ 80 சதவீதம் பேர் தங்கள் இடத்தில் குரங்கு வேண்டாம், பிடித்துக்கொண்டுபோய்ப் பாதுகாக்கப்பட்ட காட்டில் விடுங்கள் என்றார்கள். கொல்லுங்கள் என்றவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. இவ்வளவு நட்டத்துக்குப் பிறகும்!

ஆனால் மக்கள் சொன்ன அந்தத் தீர்வைத்தான் அதே கட்டுரை மறுக்கிறது. பிடித்துக்கொண்டுபோய் வேறு இடத்தில் விடுவது தீர்வாகாது. புதுக் காட்டில் ஏற்கனவே வேறு கூட்டம் இருக்கிறது, அதற்கென்று எல்லை இருக்கிறது, பழம் அளவாகத்தான் இருக்கிறது. கொண்டுபோய் விடப்பட்டவை அடிபட்டுச் சாகும், அல்லது பட்டினியில் சாகும், அல்லது தெரிந்த சாப்பாட்டைத் தேடிப் பக்கத்து ஊருக்கு நடக்கும். பழைய இடத்தில் குப்பை அப்படியே இருந்தால் வேறு குரங்கு வந்து உட்காரும். டவுனில் பிடித்து இரவில் தோட்டக் காட்டோரம் கொண்டுவந்து விடுகிறார்கள் என்று எங்கள் லயங்களில் ஒரு பேச்சு எப்போதும் உண்டு. ஒருவரும் கையும் மெய்யுமாகப் பிடித்ததில்லை. ஆனால் அந்தச் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்பது எங்களுக்குப் புரிகிறது. டவுனுக்கு வேண்டாததெல்லாம் தோட்டத்துப் பக்கம் வந்து சேரும் என்பது பழைய அனுபவம்.

அடுத்தது ஏற்றுமதி. 2023 ஏப்ரலில், சீனா ஒரு இலட்சம் செங்குரங்கு கேட்கிறது, மிருகக்காட்சிச் சாலைகளுக்காம், என்று அப்போதைய விவசாய அமைச்சர் மகிந்த அமரவீர சொன்னார். சூழல் அமைப்புகள் நீதிமன்றம் போயின. யூன் மாதம் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில், அப்படி ஏற்றுமதி செய்யப்போவதில்லை என்று வனசீவராசிகள் திணைக்களத்தின் சார்பில் சொல்லப்பட்டது. விஷயம் அதோடு அடங்கியது. ஆனால் அந்த 'ஒரு இலட்சம்' என்ற எண்ணைக் கேட்டபோது எங்கள் வீடுகளில் இருந்த வயதானவர்கள் சிரித்த சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று எழுதியிருந்தது. 1974இல் அந்த மிச்சத்தை ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். யாரையும் பேர் சொல்லிக் கேட்கவில்லை. மனிதரைக் குரங்கோடு வைத்துப் பேசுகிறோம் என்று யாரும் கோபிக்க வேண்டாம். எங்களை அப்படிச் சொல்லித் திட்டியவர்கள் உண்டு, அந்த வலி எங்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். நாங்கள் பேசுவது கணக்குப் போட்டவர்களின் புத்தியைப் பற்றி. உறவு, ஊர், தாய், பிள்ளை எதையும் பார்க்காமல் ஒரு தொகையை எடுத்துப் பிரிக்கிற அந்தப் புத்தி, குரங்கு என்று வந்தாலும் ஆள் என்று வந்தாலும் ஒரே மாதிரித்தான் வேலை செய்கிறது. அம்மாயியின் அக்கா ஒருவர் அந்தக் கணக்கில் போய்க் கோத்தகிரிப் பக்கம் குடியேறியவர். அங்கேயும் தேயிலை, அங்கேயும் குரங்கு என்று கடிதம் எழுதினாராம்.

டிட்டஸின் வேலையில் எங்களுக்குக் குறை ஒன்று உண்டு. அது அவருடைய குறை இல்லை, இடத்தின் குறை. ஐம்பது வருடக் கணக்கெல்லாம் பொலன்னறுவை உலர்காட்டில் எழுதப்பட்டது. அங்கே வறட்சி கொல்லும், இங்கே குளிரும் மழையும். அங்கே விகாரையும் வயலும், இங்கே கண்ணுக்கு எட்டின தூரம் தேயிலை. நிழலுக்கு நிற்கிற சவுக்கு மரத்தில் அத்திப்பழம் காய்க்காது. மலைநாட்டுச் செங்குரங்கை ஒரு தனித் துணையினமாகவே விஞ்ஞானிகள் பிரித்து வைத்திருக்கிறார்கள், மயிர் நீளமாகவும் அடர்த்தியாகவும் இருக்கும். அதன் குடும்ப மரத்தை இப்படி ஐம்பது வருடம் உட்கார்ந்து யார் எழுதுவது?

மலைக்கு ஏறி வந்து பார்த்த ஒருவர் இருக்கிறார். ராசநாயகம் ருத்ரன். பெயரைப் பார்த்ததும் எங்களுக்குள்ளே ஒரு துள்ளல், அதை மறைக்க விரும்பவில்லை. அவர் ஆராய்ந்தது மந்தியை, ஊதாமுக மந்தி என்று எழுதுகிற இனத்தை. இதுவும் இலங்கைக்கு மட்டும் உரியது. பொலன்னறுவையிலும் ஹோர்ட்டன் சமவெளியிலுமாக இரண்டு இடத்தில், இரண்டு துணையினங்களைப் பார்த்து, மழைக்கும் சாப்பாட்டுக்கும் குட்டி போடும் காலத்துக்கும் என்ன தொடர்பு என்று ஒப்பிட்டு 1973இல் எழுதினார். ஹோர்ட்டன் சமவெளி மந்திக்கு மயிர் அவ்வளவு அடர்த்தி, வெள்ளைக்காரர் அதைக் கரடிக் குரங்கு என்றார்கள். அதே வருடம் வந்த இன்னொரு கட்டுரையில், மந்திக் கூட்டத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு வளர்ந்த ஆண்தான் இருக்கும் என்றும், வெளியிலிருந்து வருகிற ஆண் அதைத் துரத்திவிட்டு இடத்தைப் பிடிக்கிறபோது கூட்டத்துக் குட்டிகளுக்கும் இளசுகளுக்கும் என்ன கதி ஆகிறது என்றும் காட்டினார். பிறகு உகண்டாவின் கிபாலே காட்டில் நீலக் குரங்கு, வெனிசுவேலாவில் ஊளைக் குரங்கு என்று போனார், ஸ்மித்சோனியனில் நெடுங்காலம் வேலை செய்தார், பிற்காலத்தில் கொழும்பைச் சுற்றியுள்ள மேற்குப் பக்க மந்திக்காகத் திரும்பவும் இலங்கைக்கு வந்தார். எங்கள் பாடசாலைகளில் உயிரியல் படித்த ஒருவருக்காவது இந்தப் பெயரைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா? தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞானப் பிரிவு இருக்கிறதே பெரிய விஷயம், அது வேறு கட்டுரை.

இனி நாங்கள் சொல்ல நினைக்கிற அந்த வேறு கேள்விக்கு வருகிறோம். குரங்கு எத்தனை என்று கேட்காமல் குரங்குக்குச் சாப்பாடு எங்கிருந்து போகிறது என்று கேட்டால், கொத்மலையில் பதில் கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது. லயத்துக்குக் கீழே, ஓடைக்குப் பக்கத்தில் குப்பை. சோறு, தேங்காய்ப்பூ, மீன் தலை, பிஸ்கட் பை எல்லாம் அங்கேதான். எங்கள் ஆட்களுக்குச் சுத்தம் தெரியாது என்று ஒரு துரையும் ஒரு அரச அதிகாரியும் சேர்ந்து சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்களுக்கு ஒரு சட்டத்தை ஞாபகப்படுத்துகிறோம். 1987இன் பிரதேச சபைச் சட்டத்தின்படி பிரதேச சபையின் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவழிக்கத் தடை இருந்தது. எங்கள் ஆட்கள் வாக்குப் போட்டுச் சபையைத் தெரிவு செய்யலாம், அந்தச் சபையின் குப்பை டிராக்டர் லயத்துக்கு வர முடியாது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். முப்பது வருடம்! அந்த முப்பது வருடக் குப்பையில் வளர்ந்த குரங்குக் கூட்டத்துக்குத்தான் இப்போது படிவம் கொடுத்து எண்ணுகிறார்கள். சட்டம் திருந்தி இவ்வளவு காலமாகியும் டிராக்டர் ஏறாத டிவிசன்கள் இருக்கின்றன. ரோடு சரியில்லை என்பார்கள், அதுவும் உண்மைதான்.

ஆகவே நாங்கள் கேட்பது பெரிய திட்டம் இல்லை. லயங்களுக்குக் கிழமைக்கு ஒரு முறை குப்பை வண்டி, மூடி போட்ட தொட்டி. றம்பொடை ரோட்டில் குரங்குக்குத் தீனி போடுகிறதை நிறுத்த ஒரு ஆளும் ஒரு பலகையும், பலகையில் மூன்று மொழியும். தேயிலை எடுக்க முடியாமல் விட்ட சரிவுகளிலும் ஓடைக்கரையிலும் டர்பன்டைன் மரத்தை நடுவதற்குப் பதிலாக அத்தி, ஆல். அது காய்க்கப் பல வருடம் எடுக்கும் என்று தெரியும். துண்டு நிலத்தில் மரக்கறி போடுகிறவர்களுக்கு அந்தத் துண்டின் உரிமை. உரிமை இல்லாத நிலத்துக்கு யார் வேலி அடிப்பார், எந்தத் திணைக்களம் நட்டஈடு கொடுக்கும்?

எழுதுகிற வேலையை மட்டும் நாங்களே தொடங்கலாம் என்று நினைக்கிறோம். எங்கள் குழுவில் கொத்மலைப் பக்கம் வீடு இருக்கிறவர்கள் ஆறு பேர். விடுமுறைக்குப் போகிறபோது ஒரு சீஆர் கொப்பி எடுத்துப் போவது என்று பேசியிருக்கிறோம். எந்தக் கூட்டம், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமிருந்து வந்தது, எதைத் தின்றது, குட்டி எந்தத் தாயின் வயிற்றில் தொங்குகிறது. காது கிழிந்த கிழவி ஒன்று பங்களாவுக்குக் கீழ் லயத்துக்குத் தவறாமல் வரும் என்று பிள்ளைக்காம்பரா ஆயா சொன்னார். அதற்கு அங்கே ஏற்கனவே ஒரு பேர் இருக்கிறதாம், இங்கே அச்சில் போட முடியாத பேர். கொப்பியின் முதல் வரியில் அதைத்தான் எழுதப் போகிறோம்.